அரிய ஆங்கிலச் சொற்கள்: கேட்டவர்களும் பதிலும்

மேலூர், வங்கித் தேர்வு எழுதுபவர்: டீச்சர், தினமும் இருபது வார்த்தை எழுதிப் படிக்கிறேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துபோகிறது.

இருபதை ஐந்தாகக் குறைங்க தம்பி. தனித்தனியாகப் படிக்காமல் குடும்பமாகப் படிங்க. லத்தீனில் 'லோக்வி' என்றால் பேசுதல். வளவளவென்று பேசுகிறவர் 'லொக்வேஷஸ்'. நாவன்மை உள்ளவர் 'எலொக்வென்ட்'. மேடையில் பாத்திரம் தனக்குத்தானே பேசுவது 'சொலிலொக்வி'. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசுகிறாரே, அவர் 'வென்ட்ரிலொக்விஸ்ட்': வயிற்றால் பேசுபவர். வேர் ஒன்று பிடிபட்டால் நாலு சொல் சேர்ந்து வரும்.

வாடிப்பட்டி, கல்லூரி மாணவி: மண்வாசனைக்குத் தனிச் சொல் உண்டாமே?

உண்டும்மா, 'பெட்ரிக்கோர்'. எனக்கு மிகவும் பிடித்த சொல். இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து, 1964-ல் 'நேச்சர்' இதழில் இந்தப் பெயரை வைத்தார்கள். கிரேக்கத்தில் 'பெட்ரா' பாறை. 'இக்கோர்' தெய்வங்களின் நாளங்களில் ஓடுவது. வறட்சியில் செடிகள் விடும் எண்ணெய்ப் பசையைக் காய்ந்த மண்ணும் கல்லும் உறிஞ்சி வைத்திருக்கும். மழை பட்டதும் அது வாசனையாகக் கிளம்பும். அதனால் சித்திரையில் திடீரென்று கொட்டும் கோடை மழைக்கு இந்தச் சொல் பொருந்தும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த பிறகு எழுதினால் பொருந்தாது. அகராதிப் பொருளோடு இதையும் சேர்த்துப் படித்தால்தான் சொல் நம் கைக்கு வரும்.

ஒத்தக்கடை: இன்டர்வியூவில் பெரிய வார்த்தை போட்டால் மதிப்பு கூடுமா?

கூடாது. வாசிக்கும்போது புரிந்தால் போதும் என்ற சொற்களே அதிகம். 'க்ரெபஸ்குலர்' என்றால் அந்தியிலும் விடியலிலும் நடமாடுகிற, முயல் மாதிரி. விலங்கியல் கட்டுரையில் கம்பீரமாக நிற்கும். "சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்ல அது உதவாது.

உசிலம்பட்டி, ஒரு அம்மா: எட்டாவது படிக்கும் பையனுக்கு எந்த அகராதி?

கற்பவர்களுக்கென்றே போடுகிற 'லேர்னர்ஸ்' அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருப்பது. மதுரை வரும்போது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் கூட்டிட்டு வாங்க. கதைப் புத்தகத்தில் சந்தித்த சொல்தான் மனதில் தங்கும்.

செல்லூர்: தமிழிலிருந்து போன சொற்கள்?

கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' சூப் ஆனது. பலருக்குத் தெரியாதது 'கொரண்டம்'. நம் குருந்தம்தான். மாணிக்கமும் நீலக்கல்லும் அந்தக் கனிமத்தின் வகைகளே.