‘ங்க’ போடுவது யார்?

அன்புள்ள ஐயா,

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 11 வருடங்களாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அம்மா காட்டு வேலைக்குப் போனவர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து இரவுகளில் எழுதிய ஒரு கதையைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். வட்டார வழக்கு அதிகமாக இருக்கிறது, பொதுத்தமிழுக்கு மாற்றுங்கள் அல்லது கடைசியில் சொற்பொருள் சேருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொங்கு வழக்கில் எழுதுவதெல்லாம் முடிந்துபோன சமாச்சாரம் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் கதைகளில் வருகிறார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். நான் எந்தத் தமிழில் எழுதுவது? எழுத்தை நம்பிப் பிழைக்க முடியுமா? கதையை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கதையை இரண்டு முறை படித்தேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. பிழைக்க முடியாது. 200 ரூபாய் விலையுள்ள புத்தகம் 300 பிரதிகள் விற்றால், வழக்கமான 10 சதவீத ராயல்டிப்படி உங்கள் கைக்கு வருவது 6,000 ரூபாய், அதுவும் ஒழுங்காகக் கணக்குக் காட்டும் பதிப்பாளர் வாய்த்தால். சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி மொழிக்கு வருகிறேன். கொங்கு வழக்கில் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’ நாவல் வெளிவந்தது 1942இல். நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு விதவையின் பேச்சு அதில் காதில் விழுவதுபோல் இருக்கும். குடிநாவிதர் குடும்பங்களைப் பற்றிய தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது 2023இல். எண்பது ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகிற ஒன்றை முடிந்துபோனது என்பவர்கள் அதில் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்த நண்பர்களின் சலிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. கொங்கு வழக்கு என்று நாங்கள் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி நிலமுள்ள குடியானவர் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், பேசப்பட்ட பேச்சு. அதே ஊரில் கட்டுத்தரையில் சாணி அள்ளியவரும் ஆடு மேய்த்த பையனும் பேசியது வேறு பேச்சு. சொற்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். யார் யாரிடம் எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். கரும்பு ஆலை ஓடும் நாட்களில் கொப்பரையில் பாகு துழாவுவதற்கு ஒரு பெரியவர் வருவார். தலையெல்லாம் நரைத்திருக்கும். எட்டு வயதுப் பையனாகிய நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ‘வா, போ’ என்பேன். அவர் என்னிடம் ‘சொல்லுங்க சாமி’ என்பார். சூடான சர்க்கரையை ஆமணக்கு இலையில் வைத்து நீட்டும்போது என் விரல் சுட்டுவிடக் கூடாது என்று முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். அந்தக் கையை வைத்துத்தான் என் முதல் கதையை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது, பலரும் பாராட்டினார்கள். கதையில் அந்தப் பையன் அவரை ‘ஏனுங்க தாத்தா’ என்று கூப்பிடுவான். எழுதும்போது அது பொய் என்று எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். ஒரு மாதம் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் அந்தப் பெரியவரின் பேரன், மில் தொழிலாளி. ‘எங்கள் தாத்தாவை நீங்கள் ஒருநாளும் தாத்தா என்று கூப்பிட்டதில்லை. கதையிலாவது கூப்பிட்டதற்கு நன்றி.’ அவ்வளவுதான் இருந்தது.

நான் பதில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். கதையைத் தொகுப்பில் சேர்த்தபோது அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வெறும் பேரைப் போட்டேன். அதன் பிறகு அந்தக் கதையை யாரும் இனிமையான கதை என்று சொல்லவில்லை.

கொங்குத் தமிழ் என்றாலே மரியாதை, ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். போடுவது யார், போடப்படுவது யாருக்கு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். உங்கள் கதை அதைக் கேட்கிறது. கம்பெனி வாசலில் சாப்பாடு கொண்டுவந்து நிற்கும் அம்மா, மகள் வயதுகூட ஆகாத சூப்பர்வைசரிடம் ‘புள்ளைய ஒரு எட்டுக் கூப்புடுங்க’ என்கிறார். அவன் திரும்பிப் பார்க்காமல் ‘அங்க நில்லு’ என்கிறான். பிறகு அந்த ஒடிசாப் பெண் வருகிறாள். செக்கிங் மேசையில் உங்களைப் போன்றவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவள், கற்றுக்கொண்டபடியே எல்லாரிடமும் ‘ங்க’ போடுகிறவள், அம்மாவிடமும் ‘உக்காருங்க அம்மா’ என்கிறாள். அந்த இடத்தில் அம்மாவின் முகத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். தெரிந்தே விட்டீர்களோ என்னவோ, அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கத்தை என்னால் எழுத முடியாது. நான் அந்த மேசையில் நின்றவன் இல்லை.

பத்திரிகைக்காரர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க எல்லாருடைய பேச்சையும் ஒலிக்கிற மாதிரியே எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறீர்கள். ‘வவுத்தவலி’, ‘மொளகாத்தண்ணி’ என்று ஒவ்வொரு சொல்லையும் உடைத்தால் படிப்பவர் எழுத்தைத்தான் பார்ப்பார், ஆளைக் கேட்க மாட்டார். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் உடைந்தால் போதும். மீதியை வாக்கியத்தின் நடையே சொல்லிவிடும். மதுரைக்கார சூப்பர்வைசரும் ஊத்துக்குளி அம்மாவும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

சொற்பொருள் பட்டியல் மட்டும் வேண்டாம். ‘இட்டேரி’க்கு அர்த்தம் எழுதச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். உங்கள் வரியே இப்படி இருக்கிறது: ‘இட்டேரியில் எதிரே வண்டி வந்தால் கிளுவை முள்ளோடு ஒண்டிக்கொண்டு நிற்க வேண்டும்.’ வேலிகளுக்கு நடுவே போகும் குறுகலான பாதை என்பது சென்னையில் இருப்பவருக்கும் இதில் விளங்கிவிடும், முள் குத்துவதும் சேர்ந்து விளங்கும். அகராதி வேண்டியவர்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. ‘கைமடி’, ‘பவர்டேபிள்’, ‘ஓவர்லாக்’ போன்ற கம்பெனிச் சொற்களுக்கும் இதையே செய்யுங்கள். வேலை நடக்கிற இடத்தில் சொல் வந்தால் பொருள் கூடவே வந்துவிடும்.

மூன்றாம் பக்கத்தில் ‘கதிரவன் தன் பொற்கரங்களைச் சுருக்கிக்கொண்டான்’ என்று ஒரு வரி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவளுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. முதல் பக்கத்தில் அம்மா கையில் இருப்பது தூக்குப்போசி. ஐந்தாம் பக்கத்தில் அதே சாப்பாடு டிபன் கேரியரில் இருக்கிறது. போசியே இருக்கட்டும். திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன்.