ஒரே சட்டை

வணக்கம் சார்,

பழைய போட்டோ ஸ்டுடியோக்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். யாஷிகா 635 கேமரா, நெகட்டிவ் மேல் பென்சில் டச்சிங், திரைச்சீலையில் வரைந்த தாஜ்மகால், எல்லாம் சரி. கடைசியில் ‘செல்போன் வந்தபிறகு முகத்துக்காக ஸ்டுடியோவைத் தேடி யாரும் வருவதில்லை’ என்று முடித்துவிட்டீர்கள். அது தப்பு. 2021 மே மாதம் என்னைத் தேடி வந்த அளவுக்கு அப்பா காலத்தில்கூட ஆட்கள் வந்ததில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் பெயரும் ஊரும் வேண்டாம். விருதுநகர் மாவட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசிக்கு 11 கல்யாணம் கையில் இருந்தது. அட்வான்ஸ் பணத்தில் ஒரு லென்ஸ் வாங்கியிருந்தேன். பாதிப் பேர் தேதியைத் தள்ளினார்கள், மீதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். லென்ஸை வந்த விலைக்கு விற்றுக் கொடுத்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் சேர்க்கிற காலம், பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ் என்று தினமும் ஏதாவது வரும். பள்ளிக்கூடமே திறக்கவில்லை. என் மனைவிக்குத் தையல் தெரியும். ஸ்டுடியோவில் சும்மா கிடந்த நீலப் பேக்ரவுண்ட் துணியை வெட்டி மாஸ்க் தைத்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் என் பேக்ரவுண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. ரிங் லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஆன்லைன் கிளாஸ் படித்தாள்.

அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்தோம். இரண்டாவது அலை வேறு மாதிரி. கடை திறக்க அனுமதி இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். ‘அண்ணே, அப்பா தவறிட்டாரு, ஒரு படம் போட்டுக் குடுங்க.’ வாட்ஸப்பில் வருவது பெரும்பாலும் ஆதார் கார்டு. இல்லையென்றால் ஏதோ வளைகாப்பில் ஓரத்தில் நிற்கிற முகம். பிரிண்ட் போடுகிற மதுரை லேப் மூடியிருந்தது. வீட்டில் இருந்த சின்னப் பிரிண்டரில் போட்டேன். ஃபிரேம் கிடைக்காமல், ஸ்டுடியோ சுவரில் சாம்பிளுக்கு மாட்டியிருந்த கல்யாணப் பெண்களைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்தில் இவர்களை வைத்தேன். மே, ஜூன் இரண்டு மாதத்தில் 47 படம். கொடுக்க முடிந்தவர்களிடம் 400 ரூபாய் வாங்கினேன். அதுவும் ரேஷன் கடையில் மாதம் 2,000 என்று கொடுத்ததும்தான் அந்த இரண்டு மாதம் வீடு ஓடிய பணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பனியனோடு இருக்கிற ஆம்பளைகளுக்குப் போடுவதற்கு என் கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைச் சட்டை உண்டு. என் கல்யாணச் சட்டை. 2009-இல் நானே எடுத்து வெட்டி வைத்தது. இந்த ஊரில் 19 வீட்டில் செத்துப்போனவர்கள் என் சட்டையோடுதான் மாலைக்குள் இருக்கிறார்கள். துக்கம் கேட்கப் போகும்போதெல்லாம் காலர் முதலில் கண்ணில் படும்.

மே கடைசி வாரம் அப்பா போய்விட்டார். 38 வருஷம் ஸ்டுடியோ நடத்தினவருக்கு நேராகப் பார்க்கிற ஒரு படம் கிடையாது. இருப்பதெல்லாம் லைட் செக். யார் வந்தாலும் முதலில் அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு படம் தட்டிப் பார்ப்பேன். அழிக்காமல் டிஸ்கில் 300-க்கு மேல் கிடக்கிறது. ஒன்றில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. சாஃப்ட்பாக்ஸ் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று விளக்கைப் பார்க்கிறார். அதில் ஒன்றைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டினேன். தங்கச்சி ஒவ்வொரு திதிக்கும் வந்து சண்டை போடுகிறாள். ‘கும்பிடுறப்ப அப்பா என்னைப் பாக்கலியே, ஊருக்கெல்லாம் கண்ணைத் திருப்பினியே’ என்கிறாள். கம்ப்யூட்டரில் கண்ணை நேராகத் திருப்புவது ஐந்து நிமிஷ வேலை சார். கை வரமாட்டேன் என்கிறது. நான் செய்தது போட்டோகிராபியா, இழவு வீட்டில் பண்ணின வியாபாரமா என்று நான்கு வருஷமாகப் புரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரன்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் தப்பு. அந்தக் கடைசி வரியை எழுதும்போது நான் கல்யாண ஆல்பத்தையும் செல்ஃபியையும் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சுவரிலேயே 2021-இல் ஒரு ஸ்டுடியோவில் செய்த படம் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அப்படி எழுதியிருக்கிறேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து திரும்பத் திரும்பப் படித்தேன். 400 ரூபாய் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பதற்குப் பதில் சொல்வது சுலபம். பறை அடித்தவருக்கும் கொடுத்தோம், ஆம்புலன்ஸுக்கும் கொடுத்தோம், பால் தெளிக்கும் நாளில் ஐயருக்கும் கொடுத்தோம். சாம்பிள் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அதற்குக் காசு வாங்கியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதை இத்தோடு விட்டுவிடுவோம்.

அந்த 47 வீட்டுக்காரர்கள் உங்களிடம் எதைக் கேட்டு வந்தார்கள் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ச் சாவில் முகம் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து மகள் வரும்வரை எடுக்க மாட்டார்கள். ‘முகத்தைப் பாக்கணும்னு வந்துக்கிட்டிருக்கா’ என்றால் வெட்டியானும் காத்திருப்பார். எடுக்கும்போது கடைசியாக முகத்துணியை விலக்கி எல்லோரையும் கூப்பிடுவார்கள். சுடுகாட்டில் வாய்க்கரிசி போடுவதும் முகத்தைப் பார்த்துத்தான். 2020 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர் உடலைக் கையாள மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில்கூட, உறவினர் கடைசியாகப் பார்ப்பதற்காக உடல் இருக்கும் பையின் தலைப்பக்க ஜிப்பை ஊழியர்கள் திறந்து காட்டலாம் என்றுதான் இருந்தது. தொடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, பார்க்கலாம். காகிதத்தில் அப்படி இருந்தாலும், 2021 மே மாதத்தில் எத்தனை பேருக்கு அந்த ஜிப் திறந்தது?

எங்கள் பெரியம்மாவுக்குத் திறக்கவில்லை. ஒரு பெரிய ஊரின் ஆஸ்பத்திரியில் இறந்தார். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்த வாரம் அது. அண்ணன் மட்டும் போனான். அவனிடம் ஒரு டோக்கன் எண்ணைக் கொடுத்தார்கள், பிறகு ஒரு வண்டியைக் காட்டினார்கள். நாங்கள் வாட்ஸப் வீடியோவில் தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்தோம். படம் நடுநடுவே உறைந்து நின்றது. அதற்குள் இருப்பது பெரியம்மாதானா என்ற சந்தேகம் அக்காவுக்கு இன்றும் முழுதாகப் போகவில்லை. ‘யாரையோ எரிச்சிட்டு வந்துட்டோம்’ என்று சில சமயம் சொல்லுவாள். எட்டாம் நாள் அண்ணன் ஒரு ஸ்டுடியோவிலிருந்து படத்தைக் கொண்டுவந்து வைத்தான். அப்போதுதான் வீட்டில் முதல்முறையாக ஒப்பாரி எழுந்தது. அதுவரை யாரும் சத்தமாக அழவில்லை.

ஆகவே நீங்கள் செய்து கொடுத்ததை நினைவுப் படம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீடுகளில் பார்க்கக் கிடைத்த முகம் அதுதான்.

சரி, அது அசல் முகமா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டு ஸ்டுடியோவில் அசல் முகம் என்றைக்கு இருந்தது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் யாருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், ஸ்டுடியோக் கைக்கடிகாரம் ஊரில் எல்லோர் கையிலும் இருக்கும். ஸ்டுடியோக் கோட்டும் அப்படித்தான். உங்கள் கல்யாணச் சட்டை அந்தக் கோட்டின் பேரன். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று எடுத்த படம் உங்கள் அப்பாவும் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு டச்சப்காரர் இருந்தார். அப்படிப்பட்ட படங்களில் மூடிய இமைக்கு மேல் நுனி சீவிய பென்சிலால் கண்ணைத் திறந்து வைப்பார். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேலை முடியும்வரை அவர் வெற்றிலை போட மாட்டார்.

இதோடு சேர்த்து ஒன்று நினைவுக்கு வருகிறது. மேரி பெத் ஹெஃபர்னன் என்று ஓர் அமெரிக்கக் கலைஞர். எபோலா பரவிய லைபீரியாவுக்கு 2015-இல் போனார். அங்கே மருத்துவர்களும் செவிலியரும் தலை முதல் கால் வரை மூடிய உடையில் இருந்தார்கள். படுத்திருக்கும் நோயாளிக்கு நாள் முழுக்க ஒரு மனித முகம் தெரியாது. இவர் அந்த ஊழியர்கள் சிரிப்பதைப் படமெடுத்து, ஸ்டிக்கராக அச்சடித்து, உடையின் நெஞ்சுப் பக்கம் ஒட்டவைத்தார். 2020-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் அதே முறையைக் கொரோனா வார்டுக்கும் கொண்டுவந்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் பிபிஇ உடையின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்களே, அது நினைவிருக்கிறதா? பெயருக்குப் பதில் ஒரு படம், அவ்வளவுதான். போர்ட்ரெய்ட் எடுக்கிறவருக்கு நோய்க்காலத்தில் என்ன வேலை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஒருவர் உயிரோடிருப்பவரின் நெஞ்சில் முகத்தை ஒட்டினார். நீங்கள் ஆதார் கார்டிலிருந்து முகத்தை எடுத்துக் கொடுத்தீர்கள்.

உங்களை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. பெரியம்மா படத்தைச் செய்த ஸ்டுடியோக்காரர் அவருக்கு ஒரு நீலப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டார். பெரியம்மா வாழ்நாளில் நீலம் கட்டியதில்லை. கல்யாணமான புதிதில் நீலப்புடவை கட்டிய அன்றைக்கு வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டதாம், அதோடு விட்டுவிட்டார். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. திருப்பிக் கொடு என்றேன். அக்கா விடவில்லை. இப்போது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பாட்டி என்றால் நீலப்புடவைப் பாட்டிதான். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. அவசரத்தில் செய்தார், கேட்க நேரமில்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ‘என்ன கலர் கட்டுவாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்களும் அந்த 19 பேருக்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். காலர் உங்கள் கண்ணைக் குத்துவது அதனால்தானோ என்னவோ.

இனி உங்கள் தங்கை. கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தபோது நான் முழுக்க உங்கள் பக்கம்தான் இருந்தேன். விளக்கைப் பார்க்கிற அந்த முகத்தைவிட ஒரு ஸ்டுடியோக்காரருக்கு வேறென்ன படம் வேண்டும்? மகனின் தொழில் சரியாக வர வேண்டுமே என்ற கவலைதான் அந்தப் பார்வை. ஆனால் உங்கள் தங்கை சொல்வது சின்ன விஷயமில்லை. நாம் சாமி படத்தையும் செத்தவர் படத்தையும் பார்க்க மட்டும் செய்வதில்லை, அது நம்மைப் பார்க்க வேண்டும் என்று அதன் முன்னால் போய் நிற்கிறோம். சிற்பி மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார். அதுவரை அது கல். தங்கை கட்டிக்கொடுத்துப் போனவர், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். உங்களுக்கு அப்பா தினமும் ஸ்டூலில் இருந்தார். பக்கவாட்டில் பார்க்கிற அப்பா உங்களுடைய அப்பா. தங்கைக்கு வாசலில் நின்று ‘வாம்மா’ என்று நேராகப் பார்த்த அப்பாதான் தெரியும்.

கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்லட்டுமா? அப்பாவின் கண்ணைத் திருப்பக் கை வரவில்லை என்கிறீர்களே, 47 வீட்டுக்குக் கை வந்தது. அந்த வேலை மட்டமானது, ஊருக்குப் போதும், நம் அப்பாவுக்கு ஆகாது என்று மனதுக்குள் எங்கோ முடிவு செய்துவைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இழவு வியாபாரமா என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் தங்கை ‘ஊருக்கெல்லாம் கண்ணைத் திருப்பினியே’ என்று சொன்னது வெறும் கோபத்தில் இல்லை. ஊருக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்கிறார்.

லைட் செக் படத்தைத் தொடாதீர்கள். அதைக் கழற்றி ஸ்டுடியோவில், அந்த ஸ்டூல் இருக்கிற இடத்துக்கு மேலே மாட்டுங்கள். அடுத்த திதிக்குள் அப்பாவின் ஆதார் கார்டை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த மே மாதத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தது போல உட்காருங்கள். தங்கையைப் போனில் கூப்பிட்டு என்ன சட்டை என்று கேளுங்கள். 300 படத்தில் ஒன்றில் நிச்சயம் அது இருக்கும், அங்கிருந்து வெட்டிக்கொள்ளலாம். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பு படித்த பெண் இப்போது பிளஸ் டூவில் இருப்பாள், ஃபோட்டோஷாப் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்த வெள்ளைச் சட்டை வேண்டாம். 19 பேர் போட்டாயிற்று.

அன்புடன்,
நான்