9 டிபிஐ ஆண்டெனா மாட்டினால் மாடிக்கு வைஃபை எட்டுமா?

கேள்வி: ரவுட்டர் கீழ்வீட்டு ஹாலில் இருக்கிறது. மாடியில் சிக்னல் ஒரு கோடுதான், கொல்லைப்புற அறையில் அதுவும் இல்லை. ரவுட்டர் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டால் சரியாகுமா?

கொல்லை அறைக்கு உதவலாம். மாடிக்கு உதவாது; இருப்பதும் குறையலாம்.

ஆண்டெனா புதிதாகச் சக்தி எதையும் சேர்ப்பதில்லை, ரவுட்டர் கொடுப்பதைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவைச் சுற்றி சிக்னல் மெதுவடை வடிவில் பரவும். டிபிஐ (ஆண்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) கூடக்கூட அந்த வடை தட்டையாகும். 2 டிபிஐ ஆண்டெனாவில் மேல்கீழ் வீச்சு சுமார் 80 டிகிரி. 9 டிபிஐயில் 15 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். பக்கவாட்டில் தூரம் போகும், தலைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போகாது.

மாடிக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆண்டெனாவின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. எனவே ரவுட்டரில் இரண்டு ஆண்டெனா இருந்தால் ஒன்றைப் படுக்கைவாட்டில் மடக்குங்கள், மற்றது நிமிர்ந்தே இருக்கட்டும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து மாடிப்படி ஓரமாக வைத்தால் இன்னும் நல்லது. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் துளைப்பதைவிடப் படிக்கட்டு வழியாக ஏறுவது சிக்னலுக்குச் சுலபம்.

இனி கொல்லை அறை. முதலில் உங்கள் ஆண்டெனா கழலுமா என்று பாருங்கள். அடியில் உலோகத் திருகு வளையம் இருந்தால் கழலும். ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டிகள் பலவற்றில் கழலாது. உடைத்து உள்ளே மாற்றலாம் என்று கிளம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பொட்டு அளவு கனெக்டர் பலமுறை கழற்றி மாட்டச் செய்யப்பட்டதல்ல.

கழலும் என்றால் வாங்க வேண்டியது ஆர்பி-எஸ்எம்ஏ என்ற வகைக் கனெக்டர் உள்ள ஆண்டெனா. ரவுட்டர் பக்கம் வெளிமரை, நடுவில் ஊசி. ஆண்டெனா பக்கம் உள்மரை, நடுவில் துளை. 4ஜி ரவுட்டர் ஆண்டெனா பெரும்பாலும் சாதா எஸ்எம்ஏ. அதிலும் நடுவில் ஊசிதான். மரை பொருந்துகிறதே என்று முறுக்கினால் ஊசியும் ஊசியும் மோதி வளையும். மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள், கையால் முறுக்கினால் போதும், இரண்டு ஆண்டெனாவையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வேகம் எதிர்பார்த்த அளவு ஏறாது.

கொல்லை அறைக்கு, அதன் திசை பார்த்து வைக்கும் பலகை போன்ற பேனல் ஆண்டெனா, 8 டிபிஐ போதும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சுற்றிலும் பரப்பும் குச்சி ஆண்டெனா உண்மையாகவே 9 டிபிஐ தர வேண்டுமென்றால் அரை மீட்டராவது நீளம் வேண்டும். ஒரு சாண் குச்சியில் ‘12 டிபிஐ’ என்று இருந்தால் அது வெறும் ஸ்டிக்கர்.

பலர் கோட்டைவிடுவது ரவுட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே இழுக்கும் கேபிளில். ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்குச் சுமார் 1 டிபி (டெசிபெல்) சிக்னலை விழுங்கும், மெல்லிய ஆர்ஜி-174 அதைப்போல இரு மடங்கு. ஐந்து மீட்டர் ஆர்ஜி-58 இழுத்து 8 டிபிஐ பேனலை மாட்டினால் கையில் மிஞ்சுவது 3. பழைய குச்சியே 3 முதல் 5 டிபிஐ இருக்கும்! கேபிள் ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் தடித்த எல்எம்ஆர்-400, மீட்டருக்கு 0.22 டிபி. அது விலையும் கூடுதல், வளைப்பதும் கஷ்டம்.

அந்தக் காசுக்கு வேறு வழி: கொல்லை அறை வரை கேட்-6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை கவலையில்லை. அந்த முனையில் பழைய ரவுட்டர் ஒன்றை வையுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 போல, முதன்மை ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகுங்கள் (இணையம் உள்ளே வரும் WAN துளையில் அல்ல). வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளதேதான். சேனல் மட்டும் வேறு: அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11.