தண்ணீரில் தெரிந்த ஃபென்டனில் உமிழ்நீரில் எங்கே போனது?

கேள்வி: உமிழ்நீரில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஃபென்டனிலை (வீரியமிக்க வலிநிவாரணி மருந்து) கண்டறிய, பிடிஎம்எஸ் என்னும் சிலிகானில் செய்த நுண்பாய்மச் சில்லில் (மயிரிழை அளவு வாய்க்கால்கள் கொண்ட சிறு தகடு) வெள்ளிக் கூழ்மத்தை, அதாவது நீரில் மிதக்கும் வெள்ளி நுண்துகள்களைக் கலந்து, லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு மூலக்கூறை அடையாளம் காணும் ராமன் நிறமாலை எடுக்கிறேன். தண்ணீரில் கரைத்த மாதிரிக்கு உச்சங்கள் தெளிவாக வருகின்றன. உமிழ்நீரில் ஒன்றுமே இல்லை. லேசர் திறனைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். கூட்டினால் வெள்ளியில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருள்கள் கருகும். நிறமாலையின் கிடை அச்சில் 1350, 1580 அலைஎண்களுக்கு (செ.மீ⁻¹) அருகே இரண்டு அகன்ற மேடுகள் எழுந்தால், அவை கரியினுடையவை, மருந்தினுடையவை அல்ல.

ஒளி போதாமல் இல்லை. ஃபென்டனில் வெள்ளியிடம் வந்து சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ராமன் சிதறல் இயல்பிலேயே மிக மெலிந்தது. ஏறக்குறைய கோடி ஃபோட்டான்களில் ஒன்றுதான் அலைநீளம் மாறி வரும். வெள்ளித் துகள் அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கித் தருகிறது. ஆனால் துகளின் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் மூலக்கூறுக்கு மட்டுமே அந்தச் சலுகை. உமிழ்நீரின் மியூசினும் பிற புரதங்களும் முந்திக்கொண்டு அந்த இடத்தை மூடிவிடுகின்றன. முதலில் புரதத்தை நீக்குங்கள்: புரதத்தைத் திரளச் செய்யும் கரைப்பானான அசிட்டோநைட்ரைலைக் குளிரவைத்துச் சேர்த்து, மையவிலக்கில் சுழற்றி, மேலே தெளிந்ததை உலர்த்தி நீரில் மீண்டும் கரையுங்கள்.

அடுத்த சந்தேகம் சில்லின் மேலேயே. பிடிஎம்எஸ், நீரை விரும்பாத சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். ஃபென்டனில் அந்த வகைதான். தண்ணீர் மாதிரியிலும் இழப்பு இருந்திருக்கும், செறிவு கூடுதலாக இருந்ததால் கண்ணில் படாமல் போயிருக்கலாம். உள்ளே செலுத்திய கரைசலையும் வெளியே வந்ததையும் திரவ நிறப்பிரிகை–நிறை நிறமாலையில் (பொருள்களைப் பிரித்து, மூலக்கூறின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் முறை) அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முடிந்தால் கண்ணாடிச் சில்லுக்கு மாறுங்கள். அதுவரை கரைசலைச் சற்று அமிலமாக வைத்திருங்கள். மின்னூட்டம் பெற்ற ஃபென்டனில் சுவருக்குள் அவ்வளவு எளிதாக நுழையாது.

கலப்பையும் பாருங்கள். நுண்வாய்க்காலில் சுழிப்பு கிடையாது, விரவல்தான் (மூலக்கூறுகள் தாமாகவே மெல்லப் பரவுவது) கலக்கிறது. சிறு மூலக்கூறு 100 மைக்ரோமீட்டரைக் கடக்கவே சுமார் 10 வினாடி பிடிக்கும்.

கடைசியாக, 1003 அலைஎண் உச்சத்தை மட்டும் நம்பாதீர்கள். அது ஃபென்டனிலில் உள்ள பென்சீன் வளையத்தின் அதிர்வு. புரதத்திலுள்ள ஃபினைல்அலனினும் அதே இடத்தில்தான் ஒளிரும்! ஒருவரின் சிகிச்சையோ வழக்கோ இந்த முடிவைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மருந்தில்லாத உமிழ்நீரைப் பலரிடமிருந்து வாங்கி இதே முறையில் ஓட்டிப் பாருங்கள். வேறு இரண்டு உச்சங்களாவது சேர்ந்து வந்தால்தான் ‘இருக்கலாம்’ என்று எழுதுங்கள். ‘இருக்கிறது’ என்பதை நிறை நிறமாலை சொல்லட்டும்.