பாரிஸ்–ரூபே: நரகம் என்ற பெயர் ஏன்?

கேள்வி: பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை ‘வடக்கின் நரகம்’ என்கிறார்களே, கல் பாதையாலா? அதில் டயர் எப்படித் தாங்குகிறது?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், இல்லை. பந்தயம் 1896-இலேயே தொடங்கிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்து, 1919-இல் வழி பார்க்கப் போனவர்கள், குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த வட பிரான்ஸைக் கண்டு வைத்த பெயர் அது. பிறகு கல் பாதைக்கும் ஒட்டிக்கொண்டது, பொருத்தமாகவே! சுமார் 260 கி.மீ. தூரத்தில் 55 கி.மீ. போல கல் பாவிய பாதை.

டயரில் காற்று அதிகமானால் வண்டி துள்ளும், பிடிமானம் போகும். ரொம்பக் குறைத்தால் கல் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும். அதனால்தான் இப்போது ட்யூப்லெஸ், அதுவும் 30 மி.மீ. அல்லது அதற்கும் மேல் அகலம்.

ஜெயித்தவருக்குக் கோப்பை? பீடத்தில் பதித்த ஒரு பாதைக்கல்!