டேப் விசையை அழுத்தும் முன்

மதிப்பிற்குரிய ஐயா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் விஎஸ் கோடு என்னும் நிரல் எழுதும் செயலியில் ஒரு வரி தட்டியதுமே மீதி வரிகள் தாமாக வந்துவிடுகின்றன என்றும், இப்படிப் படித்தால் நேர்முகத் தேர்வில் என்ன செய்வார் என்றும் கேட்டிருந்தீர்கள். கவலை நியாயமானதே, ஆயினும் அந்த வசதியை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். இப்படி மீதி வரிகளை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கிட்ஹப் கோபைலட் 2022 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அவர் வேலைக்குச் சேரும் இடத்தில் அதுவோ அதைப் போன்ற வேறொன்றோ இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கருவி தன் யோசனையைச் சாம்பல் நிறத்தில் காட்டும். டேப் விசை அதை ஏற்கும், எஸ்கேப் விசை மறைத்துவிடும். விண்டோஸில் கண்ட்ரோல் விசையோடு வலப்புற அம்புக்குறியை அழுத்திச் சொல் சொல்லாகவும் ஏற்கலாம் என்பது மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. தொடக்கத்தில் இதையே பழகட்டும். வேகம் குறைந்தால்தான் கண் ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும்.

வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடும் பைத்தான் நிரலை எடுத்துக்கொள்வோம். 'சராசரி காண்க' என்று மட்டும் குறிப்பு எழுதினால், கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுக்கும் ஒற்றை வரி வந்து நிற்கக்கூடும். பார்வைக்குக் குறையில்லை, ஆனால் பட்டியல் காலியாக இருந்தால் பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்து நிரல் பிழையோடு நின்றுவிடும். தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்ஜியம் போடுவதா, கணக்கிலிருந்தே விடுவதா என்பதும் நாம் சொல்லாமல் கருவிக்குத் தெரியாது. 60, 80 வாங்கிய இருவரோடு வராத ஒருவரும் இருந்தால், சராசரி 70 என்றும் வரும், 46.67 என்றும் வரும். ஆகவே இவ்விரண்டுக்கும் என்ன செய்வது என்பதைத் தாமே முடிவுசெய்து, இரண்டு வரிக் குறிப்பாக எழுதிய பிறகே அவர் கருவியின் யோசனைக்குக் காத்திருக்க வேண்டும். ஏற்றபின் காலிப் பட்டியலைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். நேர்முகத் தேர்வில் கேள்வி விழும் இடமும் இதுதான்: இந்த வரி ஏன், இந்த உள்ளீட்டுக்கு என்ன ஆகும்?

தரவுக் கட்டமைப்புப் பாடத்தையும் ஆய்வகப் பயிற்சிகளையும் மட்டும் கருவியை அணைத்துவிட்டே செய்யட்டும். வளாகத் தேர்வின் எழுத்துச் சுற்றில் சாம்பல் நிற எழுத்து துணைக்கு வராது என்பதோடு, தன் கையால் பத்துமுறை பிழை திருத்தாதவருக்குப் பிறர் எழுதிய நிரலில் பிழை கண்ணில் படுவதும் அரிது என்பது என் அனுபவம். மினி புராஜெக்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இல்லாத நூலகத்தின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரைக்கூடக் கருவி உறுதியாகச் சொல்லிவிடும். எதையும் நிறுவும் முன் அதன் அதிகாரபூர்வ ஆவணத்தைப் பார்க்க வேண்டும். கடவுச்சொற்களை நிரலுக்குள் எழுதும் பழக்கம் கூடவே கூடாது.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோபைலட்டின் மாதாந்தரப் பயன்பாட்டு வரம்புடன் கூடிய இலவசத் திட்டம் 2024 டிசம்பரில் அறிமுகமானது. இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்கு அதுவே போதும், இப்போதைக்குச் சந்தா கட்ட வேண்டாம்.