நாடகமும் வேண்டும், உளவியலும் வேண்டும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளி நாடகங்களில் நடிக்கிறாள். கல்லூரியில் நாடகத்தோடு உளவியலும் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் அப்பாவோ, "நாடகத்தை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் படி" என்கிறார். இரண்டு மேஜர் (முதன்மைப் பாடம்) படிக்க விடும் கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சகோதரி, கல்லூரிப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன்பு பட்டத்தின் பெயரைப் பாருங்கள். பல பாடங்களையும் தொட்டுப் படிக்கும் பி.ஏ.வா, கலைப் பயிற்சியே பிரதானமான பி.எஃப்.ஏ.வா? உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் அதிலேயே இருக்கிறது.

பட்டம் வாங்கப் பொதுவாக 120 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்துச் சேர்க்கும் புள்ளிகள், வேண்டும். பி.எஃப்.ஏ. என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாடகத்துக்கே போய்விடும். மிச்சம் நாற்பது. எல்லோரும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்களையும் அதற்குள்தான் முடிக்க வேண்டும். அப்புறம் உளவியலுக்கு எங்கே இடம்? பி.ஏ.வில் நாடகத்துக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் போகும், இன்னொரு மேஜர் தாராளமாக உட்காரும். நார்த்வெஸ்டர்ன், பிரௌன், வாஸர் போன்ற இடங்களில் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. ஜூலியார்ட் மாதிரி முழுநேரப் பயிற்சிக்கூடத்தில் இந்த ஆசை நடக்காது. நடிப்பு மட்டுமே போதும் என்பவர்களுக்கான இடம் அது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியான டிஷ் கொஞ்சம் வேறு மாதிரி. பட்டம் பி.எஃப்.ஏ.தான். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஸ்டூடியோ, மற்ற நாட்களில் ஏட்டுப் படிப்பு என்று பிரித்து வைத்திருப்பதால் இரண்டாவது மேஜருக்கு வழி இருக்கிறது. செலவு அதிகம், அதையும் யோசியுங்கள்.

கிரெடிட் கணக்கு சரியாக வந்தாலும் நேரம் இடிக்கலாம். பலரும் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். உளவியல் ஆய்வுமுறை லேப் செவ்வாய் மதியம் ஒன்று முதல் நான்கு வரை என்று வையுங்கள். நடிப்பு வகுப்பும் அதே நேரத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒத்திகை, அது பத்து வரை போகும். வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது மணி பதினொன்று. அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, நாடகமும் வேறொரு மேஜரும் சேர்த்துப் படிக்கும் மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் பேச முடியுமா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். அவருடைய இந்த வார டைம்டேபிளை உங்கள் மகள் கண்ணால் பார்க்கட்டும். அப்படி ஒருவர்கூட இல்லை என்று சொன்னால், இணையதளத்தில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

இன்னும் ஒன்றையும் விசாரியுங்கள். டபுள் மேஜர் என்றால் ஒரே பட்டம், இரண்டு துறை. டூயல் டிகிரி என்றால் இரண்டு பட்டம். அது பெரும்பாலும் ஐந்து வருடம் இழுக்கும், ஒரு வருட ஃபீஸ் கூடும்.

இப்போது அவள் அப்பா. அவருக்கு இருப்பது பயம், அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் அதற்காக அவளுக்குப் பிடிக்காத கம்ப்யூட்டரை இரண்டாவது மேஜராக மாட்டிவிடாதீர்கள். ஒத்திகை முடிந்து களைத்து வரும் பெண், ராத்திரி பதினொரு மணிக்குப் பிடித்த பாடத்தைத்தான் திறப்பாள். உளவியல் அவளாகத் தேர்ந்தெடுத்தது, அதுவே பெரிய பலம். அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங்கின் அப்பா சொக்கலிங்கம் தமிழர்தான். மிண்டி டார்ட்மவுத் கல்லூரியில் பழங்கால இலக்கியம் படிக்கத் தொடங்கி, 2001இல் நாடக எழுத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தார். நடுவில் மனம் மாறினால் திரும்பிக்கொள்ள பி.ஏ.வில் இடம் இருக்கிறது என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆசையை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். ஓரிரு பி.எஃப்.ஏ. இடங்களுக்கும் அவள் விண்ணப்பிக்கட்டும். பல கல்லூரிகள் ஆடிஷனுக்கு முன்பே வீடியோ கேட்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியதும் அந்த வேலை வந்துவிடும். இந்தக் கோடையிலேயே இரண்டு மோனோலாக் (தனியாகப் பேசி நடிக்கும் பகுதி) தயார் செய்யச் சொல்லுங்கள். வீடியோ எடுக்கும்போது கேமராவை அவள் அப்பா பிடிக்கட்டும்.